நெல்லுச் சல்லடை மாட்டிய வேன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டு, கராஜ்காரர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஸ்பேனரைப் பிடித்தவன். முதுகும் இப்போது நெடுநேரம் குந்தியிருக்க விடுவதில்லை. ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போய்ப் படுத்து, எழும்பி வந்து மறுபக்கம் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வும் பொறுத்துக்கொள்வானாக.

எதைக் கழற்றி எதைப் பூட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள், என்னைவிட நன்றாகவும் செய்கிறீர்கள். கையை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அது போனில் வராது. அதைப்பற்றி என்னிடம் இருப்பது ஒரு கதைதான்.

டர்போ வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்னால், அலுமினியத்தில் ஒரு பெட்டி நிற்கிறதே, இன்டர்கூலர், அதைச் சுற்றிய கதை. டர்போ அமுக்கித் தள்ளும் காற்று சூடேறித்தான் வரும். அதை ஆற்றி எஞ்சினுக்குக் கொடுப்பது இந்தப் பெட்டி. வீதிக்காற்று மேலே பட்டால்தான் அதற்கு வேலை ஓடும். அதனால்தான் வண்டியின் முகத்திலேயே வைத்திருக்கிறார்கள். முகத்தில் நிற்பதால், வீதியில் எறிபடும் கல்லுக்கும் முதலில் அகப்படுவது அதுதான்.

நம்முடைய பகுதியில் கரையோரப் பெரிய வீதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நற்பிட்டிமுனைப் பக்கம் திரும்பி வயலுக்குள் இறங்கினால் சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதை. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் உழவு மெஷின் சில்லில் ஒட்டி வந்த களி, கல்லுக் கல்லாகக் காய்ந்து கிடக்கும். கிறவல் ஏற்றும் டிப்பர் லொறிகள் கல்லைக் கொட்டிக்கொண்டே போகும். ஆகவே இன்டர்கூலருக்கு ஒரு மறைப்பு வேண்டுமென்று கேட்டு வருகிற ஆட்களுக்கு எங்கள் கராஜில் எந்தக் காலத்திலும் குறைவிருக்கவில்லை. மீன்வலையை நாலாக மடித்துக் கட்டியவரைக் கண்டிருக்கிறேன். நுளம்புவலை ஒட்டியவரைக் கண்டிருக்கிறேன். தேர்தல் காலமொன்றில் ஒருவர் தன் வேட்பாளரின் படத்தைப் பெரிய பலகையில் அடித்து முன்முகம் முழுக்கப் பூட்டிக்கொண்டு ஓடினார். மூன்றாவது ஊரில் வண்டி கொதித்து நின்றது. படத்தைக் கழற்றுங்கள் என்றேன். "வண்டி எரிஞ்சாலும் பறவாயில்ல, தலைவர்ர படத்தில கை வைக்க ஏலா" என்றார். அவரைப் படத்தோடேயே போகவிட்டேன். சொல்லிக் களைத்த ஆள் நான்.

ஜவ்பர் என் மனைவியின் தம்பி. வேனில் ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறவன். நான் கராஜை விட்டு வீட்டோடு ஓய்ந்த பிறகு, அவனுடைய வேன்தான் என் வாசலுக்கு வரும் ஒரே வேலை. ஒருநாள் டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறான். தெறித்த கல்லொன்று முன் கிறில் கம்பிக்குள்ளால் போய் இன்டர்கூலரைத் துளைத்துவிட்டது. ஓட்டையால் காற்று விசிலடிக்க, கறுத்த புகையோடு வந்து நின்றான். வேறொன்று தேடி மாற்றினோம். மாற்றி முடித்த கையோடு என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மச்சான், இனி ஒரு மணலும் உள்ளுக்குப் போகப்படா. அப்பிடி ஒரு மறைப்பு செஞ்சு தாங்க."

"மணல் போகாட்டிக் காத்தும் போகாதுடா."

"காத்து எங்கயாலயும் பூரும் மச்சான்."

விரல் நுழையும் கண்ணுள்ள கம்பிவலை போடு, பெட்டியோடு ஒட்டாமல் ஒரு சாண் முன்னுக்கு நிற்கட்டும், நட்டு போட்டுப் பூட்டு, நினைத்த நேரம் கழற்றக்கூடியதாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

"விரல் போற ஓட்டையால கல்லு வராதா?"

"சின்னக் கல்லு வரும். பெட்டியில இரிக்கிற மெல்லிய செட்டை மடங்கும், அவ்வளவுதான். துளைக்கிறது பெரிய கல்லு. அத வலை தாங்கும்."

அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருதரம் அடிபட்டவனுக்கு ஓட்டையைக் கண்டாலே பயம். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த கிழமை வந்தபோது வேனின் முகத்தில் ஒரு தகடு மின்னியது. நெல்லுச் சல்லடை. அரிசி மில்லில் நெல்லைத் துப்புரவாக்கும் மெஷினுக்குள் இருக்குமே, மண்ணைக் கீழே விட்டு நெல்லை மேலே நிறுத்துகிற ஓட்டைத் தகடு, அதில் பழையது ஒன்றை யாரிடமோ வாங்கி, அளவாக வெட்டி, பம்பரின் உள் இரும்போடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தான். இன்டர்கூலருக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல்தான் இடம். நெல்லோடு பிறந்து நெல்லோடு வளர்ந்த ஊரில் இப்படித்தான் யோசனை போகும். சல்லடையை நம்பி உண்கிறவர்கள் அல்லவா.

"எப்பிடி மச்சான்? நெல்லே பூராது. கல்லுப் பூருமா?"

"நெல்லு பூராதுதான். அதுதான் எனக்குப் பயம்."

"ஒட்டகத்தக் கட்டிப்போட்டுத்தானே அல்லாஹ்வ நம்பித் தவக்குல் வைக்கச் சொல்லியிருக்கு?"

"கட்டச் சொன்னது கால. நீ கட்டியிருக்கிறது மூக்க."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். வெள்ளாமை வெட்டு மும்முரமாவதற்குள் அதைக் கழற்று என்றேன். ஓம் என்றான். வெட்டுக் காலத்தில் ஹயர்க்காரனுக்கு எங்கே நேரம்? விடிந்தால் வயலுக்கு ஆள் ஏற்ற வேண்டும், பொழுதுபட்டால் இறக்க வேண்டும். வீதியின் பாதியில் நெல் காயும், அதற்கு மேலால்தான் சில்லு உருளும். வெட்டு மெஷின் ஊதும் பதரும் கூளமும் வானத்தில் பறக்கும். தகடு அப்படியே கிடந்தது.

இதற்கிடையில் அவன் மனைவி பரீதாவுக்குக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அவளுடைய இருதயத்தில் வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். ஒப்பரேஷனுக்காக எவ்வளவோ காலம் காத்திருந்தாள். இன்ன நாள் பகலுக்கு முன்னம் வார்ட்டுக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் ஏதும் நடந்தால் ஒரு மெக்கானிக் இருப்பது நல்லது என்று என் மனைவி என்னையும் ஏற்றிவிட்டாள். கராஜை விட்டதோடு ஸ்பேனர் பெட்டியையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டவன் நான். அவளுக்கு அது ஞாபகமில்லை. எனக்கும்தான்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பனி நன்றாகப் பெய்திருந்தது. மகியங்கனை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தட்டை ரோட்டில் வண்டிக்கு மூச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. மலை ஏறத் தொடங்கி, அந்தப் பதினெட்டு வளைவில் பாதி போயிருப்போம். மிதித்தால் இரைச்சல் வருகிறது, இழுவை வரவில்லை. சூட்டு முள்ளு மேலே போகிறது. ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஓரமாக ஒதுக்கினான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். தகட்டில் ஓட்டை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பதர், மூக்கை உள்ளே விட்டு வாலை வெளியே நீட்டிக்கொண்டு இறுகி நின்றது. அதற்கு மேலே தூசி, தூசிக்கு மேலே பனி, எல்லாம் சேர்ந்து சாணம் பூசிய சுவர் மாதிரி இருந்தது. நெல்லை நிறுத்துவதற்கென்று செய்த தகடு, தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. அதற்குப் பின்னால் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் காற்றில்லாமல் வெந்துகொண்டிருந்தன.

ஜவ்பர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஊத்தாத!" என்றேன். "நனைஞ்சா இன்னும் இறுகும். ரேடியேட்டர் மூடியிலயும் கை வெக்காத, மூஞ்சி வெந்துபோகும்."

போத்தலை வைத்துவிட்டு, சில்லு மாற்றும் ஜக்கின் லீவரை எடுத்தான். தகட்டின் ஓரத்தில் கொடுத்து நெம்பப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க மச்சான், பிச்சி எறியிறன் இத."

"பின்னால ரெண்டு விரல்தான் இடம். லீவர் சறுக்கினா இன்டர்கூலர் போகும். அதுக்கும் பின்னால போனா ரேடியேட்டர் போகும். மறுகா இந்த மலையில நாம குந்தியிருக்க வேண்டியதுதான்."

"அப்ப என்னதான் செய்யிற?"

தம்பிமாரே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த நேரம் என் மனது எங்கே இருந்தது தெரியுமா? பம்பரில்தான் இருந்தது. கீழால் படுத்தால் எத்தனை நட்டு இருக்கும், கடையில் ஸ்பேனர் இருக்குமா, பம்பரோடு சேர்த்து இறக்கிவிடலாமா என்றே ஓடியது. கை ஊறியது. ஓய்ந்துபோன கைக்கு ஒரு வேலை கிடைத்த ஆசையும் அதில் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் வேனின் முகத்துக்கு முன்னால் குந்தி, தகட்டைப் பார்த்துப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது.

பரீதா வேனிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"காக்கா," என்று அண்ணன் முறையில் என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தாள். "உங்கட வேனுக்கும் மூச்சு முட்டுது. எனக்கும் முட்டுது. ஆருக்கு முதல்ல வைத்தியம்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எழும்பி வீதியைப் பார்த்தேன். வீதியைப் பார்க்க வேண்டும் என்பது அதுவரைக்கும் என் புத்தியில் படவே இல்லை. எத்தனை வண்டி எங்களைக் கடந்து போயிருக்கும்! கடைக்காரப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். கண்டி பஸ் இப்போது வரும் என்று சொல்லிவிட்டு, அவரே வீதியின் நடுவுக்குப் போய் நின்றுகொண்டார். கீழ் வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"பஸ்ஸில ஏத்துவம்" என்றேன்.

"பஸ்ஸிலயா? இந்த நிலமையில?" என்றான் ஜவ்பர். "கொஞ்சம் பொறுங்க மச்சான், ஆறினாப் பொறகு மெல்லமா ஏத்திருவன்."

"ஏறும், ஏறாது எண்டு எனக்கே சொல்ல ஏலாது. பஸ் ஏறும்."

"நீங்க இவவோட போங்க. நான் வேனோட நிக்கிறன். வேன விட்டுட்டு எப்பிடி..."

பரீதா திரும்பிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க. நீங்க கலியாணம் முடிச்சது என்னையா, இந்த வேனையா?"

ஜவ்பர் சாவியை என் கையில் வைத்தான். பஸ் நிறைந்திருந்தது. கடைக்காரப் பெண் கொண்டக்டரிடம் என்ன சொன்னாரோ, முன் ஆசனத்தில் இருந்த இரண்டு பேர் தாங்களாகவே எழும்பினார்கள். ஜவ்பர் அவளைத் தாங்கி ஏற்றினான். ஏறும்போது படியில் நின்று அவள் சொன்னாள்:

"காக்கா, துஆ செய்ங்க. வேனுக்கு இல்ல, எனக்கு."

பஸ் வளைவில் மறைந்தது. நான் வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். கடைக்காரப் பெண் ஒரு கதிரையும் தேத்தண்ணியும் தந்தார். பழைய ஈர்க்கு விளக்குமாறு ஒன்று கேட்டு வாங்கினேன். தகடு ஆறிய பிறகு அதன் முன்னால் குந்தி, ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவி, ஒவ்வொரு பதராகக் கிண்டி வெளியே எடுத்தேன். வேறு வழி இல்லை. ஒரு பிடி எடுப்பதற்குள் முதுகு விட்டுவிடும். எழும்பி நிற்பேன். மறுபடியும் குந்துவேன். முன்பென்றால் இப்படி ஒரு வேலைக்குக் கராஜில் பையன்கள் சோம்பல்பட்டால் ஏசியிருப்பேன்.

உண்மையில் எனக்குத் தகட்டில் கவனம் இருக்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மடுவில் சிக்னல் இல்லை. பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகியதும், கடையின் பின்னால் தண்ணீர்க் குழாயில் முகம் கைகால் கழுவி வுளூ எடுத்து, பயணத் தொழுகையாகச் சுருக்கித் தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் எவ்வளவு நேரம் கிடந்தேனோ. எழும்பும்போது முழங்கால் எழும்பவில்லை. கடைக்காரப் பெண்ணின் கணவர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு மேட்டுக்கு ஏறிப் போய், போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளை, அந்தக் கோலத்தில் என்னை நம்முடைய ஊரார் யாரும் காணவில்லை.

மணியடித்தது.

"மச்சான், கட்டில் கிடைச்சிட்டு. சுணங்கித்தான் வந்தீங்க எண்டு நேர்ஸ் மிஸ் ஏசினா. ஆனா கட்டில் இருந்திச்சி."

"அல்ஹம்துலில்லாஹ். பரீதா எங்க?"

"படுத்திருக்கா. ஒக்சிஜன் குடுத்திரிக்காங்க." பிறகு மெல்லக் கேட்டான்: "மச்சான்... வேன் எப்பிடி?"

"வேன் ஆறுது. நீ வேன மற" என்றேன். அழுகிறான் என்று விளங்கியது. போனை வைத்துவிட்டேன்.

பாதித் தகடுதான் துப்புரவானது. அதற்கே காற்று போதுமாக இருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, முள்ளைப் பார்த்துப் பார்த்து, வளைவுக்கு வளைவு நிறுத்தி, கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அல்லாஹ்வின் கிருபையால் ஒப்பரேஷன் சுகமாக முடிந்தது. பரீதா வீட்டுக்கு வந்து, அவளைப் பார்க்க வரும் ஆட்களெல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, ஜவ்பர் தகட்டை வெட்டி எடுத்தான். பின்னால் ஒரு சாக்கின் அடியை நிரப்பும் அளவுக்குக் கூளம் கொட்டியது. நான் முதலில் சொன்ன கம்பிவலையைத்தான் இப்போது போட்டிருக்கிறான். விரல் போகும் கண், ஒரு சாண் தள்ளி, கையால் திருகினால் கழலும் நட்டு. வெட்டுக் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் கழற்றி, பின்னாலிருந்து முன்னுக்குக் காற்றடிக்கிறான், காய்ந்தபடியே. சின்னக் கற்கள் பட்டுச் செட்டை அங்குமிங்கும் மடங்கியிருக்கிறது. பார்த்தால் அவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். டிப்பரைக் கண்டால் இப்போது தூரமாகப் பின்னால் வருகிறான். எந்த வலையைவிடவும் அதுதான் நல்ல மறைப்பு, ஆனால் அதை எந்தக் கராஜிலும் பூட்டிக் கொடுக்க முடியாது.

தம்பிமாரே, உங்களிடமும் வருவார்கள், ஒரு மணலும் போகாத மறைப்புக் கேட்டு. பயந்தவர்களாக வருவார்கள். பயந்தவரிடம் வாதாடி வெல்வது கஷ்டம், நான் வென்றதில்லை. ஆனாலும் சொல்லுங்கள். களைத்துப்போனாலும் இன்னொருதரம் சொல்லுங்கள். ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டால், பம்பருக்குக் கீழே படுப்பதற்கு முன், உள்ளே யார் இருக்கிறார், எங்கே போகிறார், எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள். வண்டி நமக்குப் பழகின சாமான். உள்ளே இருப்பவர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். கை ஊறும்போது இது மறந்துபோகும். எனக்கு மறந்ததே, இத்தனை காலம் இந்தத் தொழிலில் கிடந்த எனக்கு.

அந்தத் தகட்டை எறியவில்லை. பரீதா அதைத் தன் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறாள்.

இப்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்டிக் கிளினிக்குக்குப் போகிறார்கள். சில வேளை என்னையும் கூப்பிடுவார்கள். சுபஹுக்குப் பிறகு வேனைத் திருப்பி வாசலில் நிறுத்திவிட்டு ஜவ்பர் ஓரமாக நிற்பான். பரீதா வீட்டிலிருந்து நடந்து வருவாள். இப்போதெல்லாம் வழியில் நிற்பதில்லை, ஒரே மூச்சில் வருகிறாள். வேனின் முகத்துக்கு முன்னால் குனிந்து, வலைக்குள் கையை விட்டு ஒருதரம் தடவிப் பார்ப்பாள். கையில் ஒட்டியதை ஊதிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு சொல்லுவாள்:

"ஓம், காத்துப் போகுது. பிஸ்மி சொல்லி எடுங்க."

அவள் சொல்லும்வரைக்கும் ஜவ்பர் சாவியைத் திருப்புவதில்லை.